தோற்ற பிறகு வாக்காளர் கையில் என்ன இருக்கிறது? படிவம் 20, 17சி, 45 நாள் கெடு

திண்ணை
சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது, மனசு ஆறமாட்டேன் என்கிறது. எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பக்கமே போய்விடும். தோற்ற பக்கம் ஓட்டுப் போட்ட யாருக்கும் பொருந்துகிற கேள்விகளாகக் கேட்கிறேன்.

வாட்ஸ்அப்பில் நாலு விதமாகப் பேச்சு ஓடுகிறது. இயந்திரத்தில் கோளாறு என்கிறார் ஒருவர். மூன்றாவது அணி ஓட்டைப் பிரித்துவிட்டது என்கிறார் இன்னொருவர். பட்டியலிலிருந்து பெயரையே தூக்கிவிட்டார்கள், பணம் விளையாடிவிட்டது என்றும் சொல்கிறார்கள். இதில் எதையெல்லாம் ஒரு சாதாரண வாக்காளர் ஆவணத்தை வைத்துச் சரிபார்க்கலாம்? எதற்கு எத்தனை நாள் கெடு? மறு எண்ணிக்கை கேட்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், வழி வேண்டும்.

பாகம்எண்
எதையும் நம்புவதற்கு முன் படிவம் 20-ஐ எடுங்கள். அதுதான் இறுதி முடிவுத் தாள். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை வாக்கு, நோட்டா எத்தனை, மொத்தம் எத்தனை என்று அதில் இருக்கும். கடைசியில் தபால் வாக்கு தனி வரியாக வரும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக ஏற்றுவார்கள். முடிவு வந்த அன்றே வராது, கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். ஆணையத்தின் முடிவுப் பக்கத்தில் அன்று ஓடுவது சுற்று வாரிக் கணக்கு. அதை வைத்து எந்தத் தெருவில் சறுக்கியது என்று சொல்ல முடியாது.

பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கும். ஒரு தொகுதிக்கு 250, 300 வரி வரும். எக்செல்லில் கையால் தட்டுவதற்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை போதும். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுங்கள். எல்லா வேட்பாளரையும் ஏற்ற வேண்டியதில்லை: முதல் நான்கு பேர், மற்றவர்கள் மொத்தமாக ஒரு பத்தி, நோட்டா, மொத்தம். ஒவ்வொரு வரியிலும் கூட்டல் சரிவருகிறதா என்று ஒரு சூத்திரம் போட்டுவையுங்கள். ஸ்கேனில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், பிழை அங்கேதான் நுழையும்.

அடுத்தது ஒப்பீடு, அதிகம் பேர் தவறு செய்கிற இடம். போன தேர்தலின் 112-ஆம் எண் சாவடியும் இந்தத் தேர்தலின் 112-ஆம் எண் சாவடியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவடி மறுசீரமைப்பில் எண்கள் நகர்ந்துவிடும், ஒரு பாகம் (ஒரு சாவடிக்கான வாக்காளர் பட்டியல்) இரண்டாகப் பிரிந்திருக்கும், இரண்டு ஒன்றாகியிருக்கும். எண்ணை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பாகத்துக்குள் வரும் தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். ஒரே பள்ளியில் உள்ள நான்கு சாவடிகளைச் சேர்த்து ஓர் அலகாக வைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

எதோடு ஒப்பிடுவது? நாடாளுமன்றத் தேர்தலிலும் சட்டமன்றத் தொகுதி வாரியாகப் படிவம் 20 உண்டு. 2009-லிருந்து தொகுதி எல்லைகள் மாறவில்லை என்பதால் 2011, 2016, 2021 சட்டமன்றம், 2014, 2019, 2024 நாடாளுமன்றம் எல்லாமே ஒரே எல்லைக்குள் அடங்கும். சட்டமன்றத்தை முதலில் சட்டமன்றத்தோடு வையுங்கள். நாடாளுமன்றத்துக்கு வேறு கூட்டணி, வேறு மனநிலை.

வடகரை
இதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். முதலில் மறு எண்ணிக்கை கேட்டு ஒரு மனு கொடுக்கக் கூடாதா? ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்தால் எடுத்துத்தானே ஆகவேண்டும்?

சட்டமணி
எடுக்க முடியாது, நண்பரே. பத்தாயிரம் கையெழுத்து வந்தாலும் கலெக்டருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் விதி 63 இதைச் சொல்கிறது. எண்ணி முடித்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் மொத்தக் கணக்கை அறிவிப்பார். அந்த நேரத்தில் வேட்பாளரோ, அவர் இல்லாவிட்டால் அவருடைய தலைமை முகவரோ, எண்ணும் முகவரோ எழுத்துமூலம் காரணம் காட்டி மறு எண்ணிக்கை கேட்கலாம். அலுவலர் ஏற்கலாம், பகுதியாக ஏற்கலாம், அற்பக் காரணம் என்று தள்ளலாம். தள்ளினால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். படிவம் 20-இல் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தக் கதவு மூடியாயிற்று.

அதனால் எண்ணும் அறையில் உட்காரும் முகவர்கள் கையில் வெற்றுத்தாள் வைத்திருப்பது முக்கியம். வாய்ச்சண்டை கணக்கில் வராது. “இன்ன மேசை, இன்ன சுற்று, இன்ன கட்டுப்பாட்டு இயந்திர எண், 17சி-யில் இவ்வளவு, இயந்திரத்தில் இவ்வளவு” என்று எழுதிக் கொடுத்தால் அது பின்னால் நீதிமன்றத்திலும் ஆவணமாக நிற்கும். தோற்ற பிறகு தேர்தல் மனு போடுகிறவரிடம் நீதிபதி முதலில் கேட்பது அதையே: அன்றைக்கு எழுத்தில் கேட்டீர்களா?

திண்ணை
அப்படியானால் இயந்திரம் பற்றிய பேச்சுக்கு என்ன ஆதாரம் தேட வேண்டும்? 17சி என்பது என்ன?

மேசை14
வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் நிரப்புகிற கணக்கு அது. சாவடிக்கு எத்தனை வாக்காளர், 17ஏ பதிவேட்டின்படி எத்தனை பேர் வந்தார்கள், இயந்திரத்தில் எத்தனை வாக்கு, எந்தெந்த எண்ணுள்ள இயந்திரங்கள், எந்தெந்த எண்ணுள்ள சீல்கள் என்று முதல் பகுதியில் இருக்கும். விதி 49எஸ்-இன்படி அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் சான்றிட்ட நகலைக் கொடுத்தாக வேண்டும். இரண்டாம் பகுதி எண்ணும் அன்று நிரப்பப்படும்.

சரிபார்ப்பு எளிது. 17சி முதல் பகுதியின் மொத்தமும், எண்ணும் அன்று இயந்திரம் காட்டிய மொத்தமும், படிவம் 20-இல் அந்தச் சாவடி வரியின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திர எண்ணும் அதேபோல. இந்த மூன்றும் பொருந்திய சாவடியில் இயந்திரம் மாற்றப்பட்டது என்று சொல்ல இடமில்லை. பொருந்தாத சாவடி இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்: காலையில் வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 வாக்கு போடுவார்கள். அதை முடித்துக் கணக்கை அழிக்க மறந்திருந்தால் மொத்தம் ஐம்பதோ அறுபதோ கூடிவிடும். இப்படிப்பட்ட இயந்திரத்தை எண்ணும்போது ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அதில் உள்ள வாக்குகளைவிடப் பெரிதாக இருந்தால் அதைத் தொடமாட்டார்கள். சிறிதாக இருந்தால் விவிபேட் சீட்டை, அதாவது ஒவ்வொரு ஓட்டுக்கும் இயந்திரம் அச்சிட்ட சீட்டை எண்ணுவார்கள்.

விவிபேட் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் ஐந்து சாவடி. அது போக, விதி 56டி-யின் கீழ் வேட்பாளரோ முகவரோ குறிப்பிட்ட சாவடிக்குச் சீட்டு எண்ணக் கேட்கலாம். அங்கே இயந்திரமும் சீட்டும் வேறுபட்டால் சீட்டுக் கணக்குதான் செல்லும்.

இன்னொன்று, இது ஏழு நாள் கெடு. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நூறு சதவீதச் சீட்டு எண்ணிக்கையை மறுத்தது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடம் வந்த வேட்பாளர்கள் ஒரு சட்டமன்றத் தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சரிபார்க்கக் கேட்கலாம் என்றது. முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், செலவை முதலில் வேட்பாளர் கட்ட வேண்டும், மோசடி நிரூபணமானால் பணம் திரும்பும். வாக்காளர் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் நான்கு நாள்தான் ஆகிறது என்கிறீர்கள். உங்கள் பக்க வேட்பாளர் இரண்டாமிடம் என்றால் இன்றைக்கே அவருடைய முகவரைப் பிடித்து, எந்த மனக்குறை எந்தச் சாவடியில் என்று எழுதிக்கொடுங்கள். மூன்று நாள் இருக்கிறது.

நெல்லைச்சீமை
இயந்திரத்தைவிடத் தபால் ஓட்டில்தான் வழக்குக்கு வலு இருக்கும். நம் மாநிலத்து நெருக்கமான போட்டிகளில் சண்டை அங்கேதான் மூண்டது.

2016 ராதாபுரம்: வித்தியாசம் 49 ஓட்டு. தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. உறுதிமொழியில் சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதே விவகாரம். தோற்ற வேட்பாளர் அப்பாவு போட்ட தேர்தல் மனுவில் 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2021-இல் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. ஒரு முழு ஐந்தாண்டு அந்தத் தொகுதி மக்களுக்குப் பதில் தெரியாமல் போனது. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

2021 தென்காசி: வித்தியாசம் 370. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2023 ஜூலையில் தபால் ஓட்டை மறுபடி எண்ணினார்கள். வென்றவரே வென்றார்.

தபால் ஓட்டு ஏன் இவ்வளவு தள்ளுபடியாகிறது? உறை மாற்றிப் போடுவதுதான் பெரிய காரணம். வாக்குச்சீட்டு உள்உறையில், அதாவது 13பி-யில் போகவேண்டும். உறுதிமொழி 13ஏ அந்த உறைக்கு வெளியே, ஆனால் பெரிய உறை 13சி-க்குள் இருக்க வேண்டும். உறுதிமொழியையும் சீட்டோடு சேர்த்து உள்ளே ஒட்டிவிட்டால் போயிற்று. கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, சீட்டின் வரிசை எண்ணும் உறுதிமொழியில் எழுதிய எண்ணும் பொருந்தவில்லை என்றாலும் அதே கதிதான். ஓட்டுப் போட்டவர் தேர்தல் வேலை பார்த்த அரசு ஊழியராகவே இருப்பார், அவர் ஓட்டே செல்லாமல் போகும்.

வெற்றி வித்தியாசம், செல்லாதென்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், அறிவிப்புக்கு முன் அந்தத் தள்ளிய ஓட்டுகள் அத்தனையையும் அலுவலர் மறுபடி பார்த்தாக வேண்டும் என்பது ஆணையத்தின் கட்டளை. உங்கள் தொகுதியில் அந்த நிலை இருந்ததா என்று முதலில் பாருங்கள். தள்ளிய தபால் ஓட்டு எண்ணிக்கை படிவம் 20-இன் அடியிலேயே இருக்கும், வித்தியாசத்தை அங்குள்ள மொத்தங்களைக் கழித்துப் பார்க்கலாம்.

வடகரை
வாக்காளரும் வழக்குப் போடலாம் என்று கேள்விப்பட்டேன். பதவியேற்ற நாளிலிருந்து 45 நாள்தானே?

சட்டமணி
வாக்காளர் போடலாம் என்பது சரி. நாள் கணக்கு தவறு, அந்தத் தவறு வழக்கையே கொன்றுவிடும். தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவித்த நாளிலிருந்து 45 நாள். பதவியேற்பு எப்போது நடந்தாலும் இதற்குச் சம்பந்தமில்லை. உதாரணமாக, 2021-இல் மே 2 அன்று முடிவு வந்தது, கெடு ஜூன் 16. ஒரு நாள் பிந்தினாலும் மன்னிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. மே மாதம் உயர் நீதிமன்றத்தில் கோடை விடுமுறை வேறு, அதனால் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடவே கூடாது.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 81. அந்தத் தேர்தலில் வாக்களிக்க உரிமை பெற்றிருந்த எந்த வாக்காளரும் மனுதாரராகலாம். ஓட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். வழக்குச் செலவுக்கான ஈட்டுத்தொகை 2,000 ரூபாய், பிரிவு 117. தொகை சிறியதாக இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். அதைக் கட்டத் தவறினால் பிரிவு 86-இன் கீழ் மனு விசாரணையே இல்லாமல் தள்ளுபடி.

அதேபோல் தள்ளுபடியாகும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். யார் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதில்தான் மனு அதிகமாகச் சாய்கிறது. வென்றவரின் தேர்தல் செல்லாது என்று மட்டும் கேட்டால் அவரைச் சேர்த்தால் போதும். கூடவே “இன்னார் வென்றதாக அறிவியுங்கள்” என்றும் கேட்டால் போட்டியிட்ட அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும், சுயேச்சை உட்பட. யார் மீதாவது லஞ்சம் போன்ற ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டினால், அவர் வேட்பாளர் என்றால், அவரும் கட்டாயம் சேர வேண்டும். எத்தனை எதிர்மனுதாரரோ அத்தனை நகல். ஒவ்வொரு நகலிலும் உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். ஊழல் நடவடிக்கைக் குற்றச்சாட்டு இருந்தால் படிவம் 25-இல் தனிப் பிரமாணப் பத்திரம்.

அடுத்தது உள்ளடக்கம். “முறைகேடு நடந்தது” என்று பொதுவாக எழுதினால் நிற்காது. யார், எங்கே, எந்தத் தேதியில், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். செல்லாத ஓட்டை எண்ணினார்கள், செல்லும் ஓட்டைத் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டானால், அது முடிவையே மாற்றியிருக்கும் என்று காட்ட வேண்டும். வித்தியாசம் 4,000, குறை சொல்லும் ஓட்டு 300 என்றால் நீதிபதி முதல் நாளே கணக்கைக் கேட்பார். வென்ற வேட்பாளரே, அல்லது அவர் சம்மதத்தோடு மற்றவர், லஞ்சம் கொடுத்தார் என்று நிரூபித்தால் மட்டும் எத்தனை ஓட்டு பாதித்தது என்ற கேள்வி எழாது, தேர்தல் செல்லாது. ஆனால் அந்த நிரூபணத்துக்குக் குற்ற வழக்குக்கு ஒப்பான கறார் உண்டு.

சாவடி, எண்ணும் மையக் கேமராப் பதிவு தேவை என்று நினைத்தால் 45 நாளை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் மனு எதுவும் வராவிட்டால் 45 நாளுக்குப் பிறகு அந்தப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் 2025 மே மாதம் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. 2024 டிசம்பர் விதித்திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் கேட்டுப் பார்க்கும் உரிமையும் சுருங்கிவிட்டது. இது வாக்காளருக்கு நேர்ந்த உண்மையான இழப்பு. கட்சி பார்க்காமல் எல்லோரும் எதிர்க்க வேண்டியது. யார் ஓட்டுப் போட்டார் என்று குறித்த பட்டியல், 17ஏ பதிவேடு ஆகிய உறைகளை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் பிரிக்க முடியாது.

தேர்தல் மனு தவிர வேறு வழியில் முடிவை எதிர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். அரசியல் சட்டம் 329(பி) அதை அடைத்திருக்கிறது. அந்த வாசகத்துக்கு உச்ச நீதிமன்றம் முதன்முதலில் பொருள் சொன்னதே நம் நாமக்கல் வழக்கில்தான், 1952 பொன்னுசாமி வழக்கு. வேட்புமனுத் தள்ளுபடியானாலும் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவில்தான் பேச வேண்டும் என்றது.

கணக்குப்பிள்ளை
ஓட்டுப் பிரிந்தது என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் பாதி உண்மை, பாதி மனசைத் தேற்றிக்கொள்வது.

நம் முறையில் கூடுதல் ஓட்டு பெற்றவர் வெற்றி, பாதிக்கு மேல் வேண்டும் என்பது கிடையாது. 2016-இல் இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே மாநில அளவில் சுமார் ஒரு சதவீதமே வித்தியாசம். இடங்களோ 134-க்கு 98. 2021-இல் நாம் தமிழர் கட்சி ஆறரை சதவீதம் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. 2016-இல் பாமக தனியாக நின்று ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கியது, அதுவும் பூஜ்யம். பரவலாகச் சிதறிய ஓட்டுக்கு இந்த முறையில் இடம் கிடைக்காது. ஏமாற்றத்தின் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது: “இவ்வளவு பேர் போட்டோமே” என்பது நிஜம், அது தொகுதிகளில் குவியவில்லை என்பதும் நிஜம்.

ஆனால் மூன்றாமவர் ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகம் என்பதாலேயே அவர் நின்றதால் தோற்றோம் என்று முடிவுகட்டக் கூடாது. அவர் நிற்காவிட்டால் அந்த ஓட்டு எப்படிப் பிரியும்? சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் எதிரணிக்குப் போட்டிருப்பார்கள். ஒரு கணக்கு போடுங்கள். வித்தியாசம் 6,000, மூன்றாமவர் 18,000. அதில் ஆறாயிரம் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்று வைத்தால் மீதி 12,000. உங்கள் பக்கம் 9,001-ம் எதிர்ப்பக்கம் 2,999-ம் விழுந்தால்தான் நீங்கள் ஜெயிப்பீர்கள். நான்கில் மூன்று. அப்படிச் சாய்வு இருக்கும் என்று படிவம் 20 காட்டுகிறதா? மூன்றாமவர் உயர்ந்த சாவடிகளில் யாருடைய ஓட்டு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இறங்கியது இரண்டு பக்கமும் என்றால் பிரிப்புக் கதை நிற்காது.

நோட்டாவுக்கும் இதேதான். 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. நோட்டா எவ்வளவு விழுந்தாலும் முன்னணி வேட்பாளர் வென்றவர்தான். கட்டுத்தொகையைத் திரும்பப் பெறத் தேவையான ஆறில் ஒரு பங்குக் கணக்கிலும் நோட்டா சேராது.

சின்ன வித்தியாசத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டு லட்சம் ஓட்டு விழுந்த தொகுதியில் 6,000 வித்தியாசம் என்றால் மூன்று சதவீதம். ஆனால் மனம் மாற வேண்டியவர்கள் 3,001 பேர்தான், ஏனென்றால் ஒருவர் மாறினால் இரண்டு ஓட்டு வித்தியாசம் குறைகிறது. 280 சாவடிக்குப் பங்கிட்டால் சாவடிக்கு 11 பேர். 2021-இல் தியாகராய நகர் 137 ஓட்டில் முடிந்தது, மொடக்குறிச்சி 281-இல். இங்கெல்லாம் சாவடிக்கு ஓர் ஆள்கூடத் தேவைப்பட்டிருக்காது.

தாமிரா
பணப் பட்டுவாடா பற்றி யாரும் சொல்லவில்லை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலை இதற்காகவே நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையும் ரத்து செய்தார்கள். எல்லாம் வாக்குப்பதிவுக்கு முன்பு நடந்தவை என்பதைக் கவனியுங்கள். முடிவு வந்த பிறகு ஆணையம் கையைக் கட்டிக்கொள்ளும், நீதிமன்றம்தான்.

இப்போது செய்யக்கூடியது செலவுக் கணக்கைப் பார்ப்பது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் உச்சவரம்பு 2022-இல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், கணக்கு கொடுக்க வேண்டும். பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். கணக்கே கொடுக்காதவரை மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்யலாம், பிரிவு 10ஏ.

எதைப் பார்ப்பது? ஊருக்கே தெரிந்த பெரிய கூட்டம் கணக்கில் எந்தத் தொகைக்கு வந்திருக்கிறது, எத்தனை வாகனத்துக்கு அனுமதி வாங்கி எத்தனைக்குச் செலவு காட்டினார்கள், நட்சத்திரப் பேச்சாளர் மேடையில் வேட்பாளர் இருந்தும் செலவில் பங்கு ஏறாமல் இருக்கிறதா. இந்த மூன்றும் படம், தேதியோடு உங்களிடம் இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கையில் பணம் வாங்கியதைச் சொல்ல யாரும் நீதிமன்றம் ஏறமாட்டார்கள். காகிதத்தில் தெரியும் பொய்யைப் பிடிப்பது அதைவிடச் சுலபம்.

பாகம்எண்
பட்டியல் விஷயம்தான் பாக்கி. என் கணிப்பில் வாக்காளரால் அதிகம் மாற்றக்கூடியது இதுவே, ஆனால் முடிவுக்குப் பிறகு மூன்று வாரம் பேசிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு கசப்பு: பெயர் விடுபட்டது என்பதற்காக முடிந்த தேர்தலை ரத்து செய்ய முடியாது. வேட்புமனுக் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படுகிறது, அதன் பிறகு அந்தத் தேர்தலுக்கு அதுவே இறுதி.

பட்டியல் சுருங்கினால் சதவீதமும் ஏமாற்றும். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்ஐஆர்) 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை, 6.41 கோடி 5.43 கோடியாக இறங்கியது. பிறகு சேர்ந்தவர்கள் வேறு. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு போனால் சதவீதக் கணக்கில் வகுக்கும் எண் குறையும். ஒரு தொகுதியில் 2,50,000 பெயரில் 1,80,000 பேர் போட்டால் 72 சதவீதம். பட்டியல் 2,10,000 ஆகி 1,75,000 பேர் போட்டால் 83 சதவீதம். சதவீதம் 11 கூடியிருக்கிறது, ஓட்டு 5,000 குறைந்திருக்கிறது. “இவ்வளவு அலை அடித்தும் தோற்றோமா” என்று கேட்பவர்கள் முதலில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

சாவடி அளவில் வேலை இப்படி. பழைய பாகப் பட்டியலையும் புதிய பாகப் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். பழையதில் இருந்து புதியதில் இல்லாத பெயரைத் தெரு வாரியாக எழுதுங்கள். வீடு வீடாகப் போய் நான்கே குறியீடு: இறந்தார், போய்விட்டார், வேறு பாகத்தில் இருக்கிறார், இங்கேயே இருக்கிறார். கடைசி வகைதான் உங்கள் வேலை. அவருக்குப் படிவம் 6. அதே தொகுதிக்குள்ளோ வேறு தொகுதியிலிருந்தோ முகவரி மாறியவருக்குப் படிவம் 8, இவருக்கு 6 போட்டால் இரட்டைப் பதிவாகித் தள்ளுபடியாகும். நீக்கக் கோருவதற்குப் படிவம் 7. பொய்யாகக் கொடுத்தால் 1950 சட்டம் பிரிவு 31-இல் ஓராண்டு வரை சிறை என்பதால், எதிர்க்கட்சித் தெரு என்று நினைத்துக் கட்டுக்கட்டாக 7 போடுபவர் யாராக இருந்தாலும் எழுத்தில் எதிர்க்கலாம்.

18 வயது நிறைவுக்கு இப்போது ஜனவரி 1 மட்டுமில்லை, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதி. வாக்காளர் பதிவு அதிகாரி மறுத்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். மறுப்பு உத்தரவை எழுத்தில் வாங்காவிட்டால் மேல்முறையீடு நிற்காது. விண்ணப்ப எண்ணைப் படம் பிடித்து வையுங்கள்.

திண்ணை
நன்றி, எல்லோருக்கும். ஒரு சந்தேகம். முகவர்கள் 17சி நகலைக் கட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அங்கே கேட்டால் எங்கே என்று தெரியவில்லை. வாக்காளர் நேரடியாக வாங்க முடியுமா?

மேசை14
ஆணையம் சாவடி வாரி 17சி-யைப் பொதுவில் ஏற்றுவதில்லை, சட்டப்படி முகவருக்குத்தான் நகல். அதனால் முகவரிடமிருந்து மீட்பதே விரைவான வழி. உங்கள் கட்சி மட்டுமல்ல, அந்தச் சாவடியில் முகவர் வைத்திருந்த எந்தக் கட்சியிடமும் அதே நகல் இருக்கும், சுயேச்சையிடமும். கேட்டுப் பாருங்கள், பலர் தருவார்கள். கார்பன் நகல் என்பதால் எழுத்து மங்கும், கிடைத்தவுடன் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கையெழுத்து, சாவடி எண், கட்டுப்பாட்டு இயந்திர எண், மொத்த வாக்கு நான்கும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். கோப்புப் பெயரைப் பாக எண்ணாலேயே வையுங்கள்.

எல்லாம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. படிவம் 20-இல் போன தடவையைவிட உங்கள் ஓட்டு அதிகமாக இறங்கிய 30 சாவடியை முதலில் பிரித்தெடுங்கள், அந்த முப்பதுக்கு மட்டும் 17சி தேடுங்கள். இரண்டும் பொருந்தினால் அந்த முப்பது பாகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிப்பார்கள்.

வடகரை
கையெழுத்து இயக்கத்தை விட்டுவிடுகிறேன். எக்செல் தட்ட ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள் திண்ணை. நீங்கள் வாசியுங்கள், நான் தட்டுகிறேன். 3-ம் 8-ம் குழம்பும் இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை பார்ப்போம்.